மலாக்காவை ஆண்ட மெட்ராஸ் எஞ்சினியர்

சங்க மலர் என்றால் ஹாஸ்டல் மெஸ், கட் அடித்துப் பார்த்த சினிமா, புரொபசர்களுக்கு நாம் வைத்த பட்டப்பெயர்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். அந்தச் சரக்கு என்னிடமும் நிறைய இருக்கு. ஆனால் அதை என்னைவிட ருசியாகச் சொல்லும் சீனியர்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்த முறை கொஞ்சம் தள்ளிப்போய், இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு எஞ்சினியரின் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் நம் கல்லூரிக்காரர் அல்ல, நம் நாட்டுக்காரரும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. பெயர் வில்லியம் ஃபார்க்குவார். அவருடைய உத்தியோக வாழ்க்கை தொடங்கியது நம்ம சென்னையில்தான்.

சிங்கப்பூர் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஓரளவு தெரிந்திருக்கும். ராஃபிள்ஸுக்குச் சிலை உண்டு, ஓட்டல் உண்டு, கல்லூரி உண்டு. ஃபார்க்குவார் அந்த ராஃபிள்ஸ் கதையில் ஒரு பக்கத்தில் வந்து போகும் பாத்திரம், அவ்வளவுதான். நான் எழுத வந்தது சிங்கப்பூருக்கு முந்திய ஃபார்க்குவாரைப் பற்றி. அடுத்தவன் ஊரைப் பிடித்து, அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஆண்டு, அந்த ஊரின் கோட்டையைத் தன் கையாலேயே தகர்த்த ஃபார்க்குவார்.

பதினேழு வயசுப் பையன்

1774-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பக்கத்தில் பிறந்தவர். 1791-இல், பதினேழு வயதில், கம்பெனியின் மெட்ராஸ் படையில் கேடட்டாகச் சேர்ந்தார். அதே வருஷம் ஜூன் மாதம் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவுக்குப் போனார். நாலு செமஸ்டர், எட்டு செமஸ்டர், கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் இல்லை. கம்பெனி தன் எஞ்சினியர் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க அடிஸ்கோம்பில் கல்லூரி தொடங்கியதே 1809-இல்தான். அதற்கு முந்தியவர்களுக்கு சைட்டுதான் வகுப்பறை. அகழி வெட்டுவது, மண் அணை போடுவது, பாலம் கட்டுவது, சுரங்கம் வைப்பது எல்லாம் செய்து செய்து கற்றதுதான்.

அந்தப் பிரிவின் வழித்தோன்றல் இன்றும் இருக்கிறது. பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அதன் ஜவான்களை இந்திய ராணுவத்தில் "தம்பி" என்று செல்லமாக அழைப்பார்கள். நம் கல்லூரியிலிருந்து ராணுவத்துக்குப் போன நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன ஊர்

மலாக்கா ஒரு காலத்தில் பெரிய சுல்தான்களின் தலைநகரம். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே போகிற கப்பல்கள் நின்று போகும் துறைமுகம். 1511-இல் போர்ச்சுக்கீசியர்கள் அதைப் பிடித்து, "ஆ ஃபமோசா" என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து பிடித்து, கோட்டையைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டார்கள். இன்றும் நிற்கும் சான்டியாகோ வாசலின் மேல் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம்.

1795-இல் ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஹாலந்தைப் பிடித்தது. ஹாலந்தின் ஆரஞ்சு இளவரசர் லண்டனுக்கு ஓடிவந்து, கியூ என்ற இடத்தில் தங்கி, தன் நாட்டின் கடல்கடந்த கவர்னர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: பிரெஞ்சுக்காரன் கையில் போவதற்குப் பதிலா இங்கிலீஷ்காரனை உள்ளே விடுங்க. அந்தக் கடிதங்களின் பலத்தில் சென்னையிலிருந்து ஒரு படை கிளம்பியது. 1795 ஆகஸ்ட் 18 அன்று மலாக்கா கைமாறியது. அந்தப் படையின் தலைமை எஞ்சினியர் ஃபார்க்குவார். வயது இருபத்தொன்று!

ஆக, பிரிட்டிஷாருக்கு மலாக்கா சொந்தமான ஊர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நம்மிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. சண்டை முடிந்தால் திருப்பிக் கொடுக்கணும். அதனால் டச்சு நீதிமன்றத்தையும் சட்டத்தையும் பெரும்பாலும் அப்படியே ஓட விட்டார்கள். இந்த "திருப்பிக் கொடுக்கப் போகிற ஊர்" என்ற நிலைமையை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது புரியும்.

ஊரில் இருந்தவர்கள் யார்? மலாய்க்காரர்கள், சீனர்கள், போர்ச்சுக்கீசிய வம்சாவளியினர், டச்சுக்காரர்கள். நம்மவர்களும் இருந்தார்கள். சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் சந்ததிதான் மலாக்கா செட்டிகள். பேச்சு மலாய், வழிபாடு சைவம். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் டச்சுக்காரர் காலத்தில், 1781-இல் எழுந்தது. ஃபார்க்குவார் வந்து இறங்கியபோதே அந்தக் கோயிலுக்கு வயது பதினாலு. இன்றும் பூஜை நடக்கிறது.

மலாக்கா ராஜா

1803-இல் ஃபார்க்குவார் மலாக்காவின் கமாண்டன்ட் ஆனார். பிறகு ரெசிடென்ட் பதவியும் சேர்ந்தது. 1811-இல் பெரும்படை ஒன்று மலாக்காவில் கூடி ஜாவாவைப் பிடிக்கப் போனபோது அதிலும் போய் வந்தார். மொத்தம் பதினைந்து வருஷம் அந்த ஊர்தான் அவர் பொறுப்பு. மலாய் மொழி பேசுவார். அன்டுவனெட் கிளெமென்ட் என்ற, பிரெஞ்சுத் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த பெண்ணுடன் குடும்பம் நடத்தினார். ஆறு குழந்தைகள். மூத்த மகள் எஸ்தரின் வம்சத்தில் வந்தவர்தான் கனடாவின் பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ என்றால் நம்புவீர்களா?

ஊர் மக்கள் அவரை "மலாக்கா ராஜா" என்றே அழைத்தார்கள். இதை யார் சொன்னது என்று நீங்கள் கேட்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டதை மட்டும் வைத்து எழுதினால் அது சரித்திரம் ஆகாது. நல்லவேளையாக நமக்கு ஒரு உள்ளூர்ச் சாட்சி இருக்கிறார். முன்ஷி அப்துல்லா. அந்தக் காலத்து மலாக்காவில் பிறந்து வளர்ந்து, பின்னாளில் "ஹிகாயத் அப்துல்லா" என்ற தன்வரலாற்றை எழுதியவர். அவருக்கும் நமக்கும் தூரத்து உறவு உண்டு. அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபு. நாகூருக்கு வந்து அங்கே பெண் எடுத்தவர். அப்துல்லாவும் சிறு வயதில் தமிழ் படித்தார். ஏனென்றால் அன்று மலாக்கா வியாபாரிகளின் கணக்கு வழக்கெல்லாம் தமிழில்தான்!

ஏழை, பணக்காரன் பார்க்காமல் வழியில் கண்டவர்களை விசாரிப்பவர், யார் வழக்கு கொண்டுவந்தாலும் காதுகொடுத்துக் கேட்பவர் என்று ஃபார்க்குவாரை அப்துல்லா எழுதுகிறார். சரி, நல்ல மனுஷன். ஆனால் அதே அப்துல்லாதான் அடுத்த காட்சியையும் எழுதி வைத்திருக்கிறார்.

இடி என்று ஒரு உத்தரவு

1805-இல் பினாங்கு கம்பெனியின் தனி மாகாணம் ஆனது. பினாங்கை வளர்க்கணும் என்றால் பழைய மலாக்கா தேய வேண்டும் என்று மேலிடம் கணக்குப் போட்டது. எப்படியும் மலாக்காவை டச்சுக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கோட்டையோடு கொடுத்தால் நாளைக்கு அவன் நமக்கே எதிரியாக நிற்பான். ஆகவே கோட்டையை இடி, ஆட்களைப் பினாங்குக்குப் பெயர்த்துக் கொண்டு போ, வெறும் ஊரைத் திருப்பிக் கொடு. இதுதான் திட்டம். நிறைவேற்ற வேண்டியவர் அந்த ஊரை ஆண்டுகொண்டிருந்த எஞ்சினியர் ஃபார்க்குவார்.

1807-இல் வேலை தொடங்கியது. முதலில் கூலியாட்களை வைத்துக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக உடைத்துப் பார்த்தார்கள். கோட்டை அசையவில்லை. அதில் பேய் இருக்கிறது என்று ஆட்கள் பயந்து வேலைக்கு வர மறுக்க, கூலி ஏறியது. கடைசியில் அடியில் குழி தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். ஃபார்க்குவார் கையில் தீத்திரியோடு குதிரையில் வந்தார். கோட்டை மேல் இருந்தவர்களையெல்லாம் விரட்டச் சொன்னார். திரியைப் பற்றவைத்துவிட்டுக் குதிரையைத் தட்டி விலகினார். கொஞ்ச நேரத்தில் இடி முழக்கம். யானை அளவிலும் வீடு அளவிலும் கற்பாறைகள் ஆகாயத்தில் கிளம்பிக் கடலில் போய் விழுந்தன. இதைப் பார்த்தபோது அப்துல்லாவுக்குப் பத்து வயது இருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து எழுதும்போதும் அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை. கோட்டை போனதோடு ஊரின் அழகும் மதிப்பும் போயிற்று என்று வருந்துகிறார். பிடித்த ராஜா, உடைத்த கோட்டை இரண்டையும் அவர் மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

நம் தொழிலில் இது எல்லாருக்கும் ஒரு நாள் வரும். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், ஒரு ப்ராஜெக்டில், நல்ல நிலையில் இருந்த ஒரு பழைய கல் மதகை இடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ரோடு அந்த வழியாக வருகிறது, மறுபேச்சு இல்லை. கட்டினவன் கெட்டிக்காரன், ரெண்டு நாள் முழுக்க பிரேக்கர் ஓடியது. பொக்லைன் ஆபரேட்டரே "சார், இதையா இடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். கட்டமைப்பு நன்றாக இருக்கு என்பது இடிப்பதை நிறுத்தக் காரணம் ஆகாது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஃபார்க்குவாருக்கும் அப்படித்தான். கோட்டை பலவீனமாக இருந்து இடிக்கவில்லை. பலமாக இருந்ததால்தான் இடிக்கச் சொன்னார்கள்.

உத்தரவுக்கும் கைக்கும் நடுவில்

ஆனாலும் ஊர் மொத்தமும் போகவில்லை. இடிக்கும் பொறுப்பில் இருந்த ஃபார்க்குவார், கோட்டையின் இரண்டு வாசல்களையும், தேவாலயத்தையும், சிறைச்சாலையையும் விட்டுவைத்தார். அந்த வாசல்களில் ஒன்றுதான் இன்றைய சான்டியாகோ வாசல். ஜொகூரில் ஒரு ப்ராஜெக்டுக்காக இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அதைப் பார்த்தேன். சுவர் இல்லாத வாசல். உள்ளே நுழைய வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்தால் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனாலும் எல்லோரும் அதன் வழியாகத்தான் நடக்கிறார்கள்.

இரண்டாவது உத்தரவான ஆட்களைப் பெயர்ப்பது நடக்கவே இல்லை. 1808-இல் பினாங்கின் செயலாளராக இருந்த ராஃபிள்ஸ் மலாக்கா வந்து பார்த்துவிட்டு, இந்த மக்கள் இங்கேயே பிறந்து வேர்விட்டவர்கள், பினாங்குக்கு நகர மாட்டார்கள், ஊரைக் கைவிடுவது தப்பு என்று அறிக்கை எழுதினார். மேலிடம் மனதை மாற்றிக்கொண்டது. மலாக்காவைக் காப்பாற்றியவர் என்ற பெயர் ராஃபிள்ஸுக்குப் போயிற்று. அறிக்கை எழுதியவருக்குப் பெயர், சைட்டில் நின்றவருக்கு வேலை! இது நம் ஆபீஸ்களிலும் கண்ட காட்சிதானே?

ஃபார்க்குவார் பெயரை இன்று உண்மையில் நிலைநிறுத்துவது வேறொன்று. மலாக்காவில் இருந்த காலத்தில் சீன ஓவியர்களை வைத்து அந்த மண்ணின் செடி, கொடி, பழம், பறவை, மீன், பாம்பு, விலங்குகளை வண்ணத்தில் வரையச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள். மலாய்ப் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. 1827-இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1993-இல் அவை ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூர்க்காரர் ஒருவர் வாங்கி அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம்: அத்தனை ஓவியங்கள், வரைந்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. தொகுப்பின் பெயர் ஃபார்க்குவார் தொகுப்பு.

அவருக்கும் அதே கதி ஒரு முறை நேர்ந்தது. தாப்பிர் என்று ஒரு மிருகம். பன்றி மாதிரி உடம்பு, யானைக் குட்டியின் தும்பிக்கை மாதிரி சின்ன மூக்கு, பாதி கறுப்பு பாதி வெள்ளை. ஒன்றை வீட்டிலேயே நாய்க்குட்டி மாதிரி வளர்த்தார். சாப்பாட்டு மேஜை பக்கம் வந்து ரொட்டிக்கும் கேக்குக்கும் நிற்குமாம். 1816-இல் அதைப் பற்றிக் கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அவர்கள் அச்சிட்டது 1820-இல். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் 1819-லேயே விஞ்ஞானப் பெயர் வைத்துவிட்டார்கள். பேப்பர் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பி.எச்டி. நண்பர்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்!

சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு

1814 ஒப்பந்தப்படி 1818 செப்டம்பரில் மலாக்கா மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனது. பதினைந்து வருஷம் ஆண்ட ஊரைக் கொடுத்துவிட்டு ஃபார்க்குவார் தாய்நாட்டுக்குப் போகத் தயாரானார். அப்போதுதான் ராஃபிள்ஸ் கூப்பிட்டார். 1819 பிப்ரவரி 6 அன்று சிங்கப்பூரில் உடன்படிக்கை ஆனது. மறுநாளே ராஃபிள்ஸ் கப்பல் ஏறிவிட்டார். காட்டையும் சேற்றையும் ஊராக்கும் வேலை ஃபார்க்குவார் தலையில். கையில் காசு கிடையாது.

என்ன செய்தார்? மலாக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். டச்சுக்காரர்கள் தடுத்தும் கேளாமல், அரிசியும் கோழியும் ஏற்றிக்கொண்டு படகு படகாக மலாக்கா மக்கள் வந்தார்கள். ஆள்பவரை நம்பி வந்தார்கள். 1808-இல் உத்தரவு போட்டு நகர்த்த முடியாத ஜனம், பத்து வருஷம் கழித்துத் தானாக நகர்ந்தது! எலித் தொல்லை தாங்கவில்லை என்று ஒரு எலிக்கு இவ்வளவு காசு என்று அறிவித்ததையும், ஜனங்கள் மூட்டை மூட்டையாக எலி கொண்டுவந்து கொட்டியதையும் அப்துல்லா ரசித்து எழுதுகிறார். 1824 ஜனவரியில் எடுத்த முதல் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் ஜனத்தொகை 10,683.

இதையும் சொல்லத்தான் வேண்டும். வருமானத்துக்காக சூதாட்டத்துக்கும் அபினிக்கும் சாராயத்துக்கும் ஃபார்க்குவார் குத்தகை விட்டார். அடிமை வியாபாரத்தைக் கண்டும் காணாமல் இருந்தார். 1822-இல் திரும்பி வந்த ராஃபிள்ஸ் இதையெல்லாம் பார்த்துக் கொதித்து, 1823 மே மாதம் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். ராஃபிள்ஸ் சொன்னது முழுக்கத் தப்பில்லை. காசு இல்லாமல் ஊரைக் கட்டு என்று சொன்னவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் தப்பில்லை. ஊரை நடத்த வழி தேடுகிறவன் கண்ணுக்கு, அந்த வழியில் நசுங்குகிறவன் தெரியாமல் போகிறான். அபினியில் விழுந்த கூலிக்காரனோ, விற்கப்பட்ட அடிமையோ ஒரு தன்வரலாறு எழுதியிருந்தால் "மலாக்கா ராஜா" என்ற பட்டம் அதில் இருந்திருக்குமா?

1823 டிசம்பரில் அவர் கிளம்பிய நாளில் எல்லா இன மக்களும் கடற்கரைக்கு வந்து அழுதார்கள், படகுகளில் கப்பல்வரை வந்து வழியனுப்பினார்கள் என்பதும் உண்மை. சிங்கப்பூரை நிறுவியதில் தனக்குரிய பங்கைக் கேட்டு லண்டன் டைரக்டர்களுக்கு மனு போட்டார். பலன் இல்லை. 1839-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் மேஜர் ஜெனரலாக இறந்தார். சிங்கப்பூரை நிறுவியவர் என்று அவர் கல்லறையில் பொறித்தார்கள்.

ஜூனியர்களுக்கு ஒன்று

அந்நிய ஊரைப் பிடித்து ஆண்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது பிடித்த ஊர்தான். அவரை அமர்த்தியவர்களுக்கு மலாக்கா என்பது பினாங்குக்கு முன்னால் வைத்து வெட்டித் தள்ள வேண்டிய ஒரு காய். மரியாதையாக நடத்தியது ஃபார்க்குவாரின் குணம், கோட்டையைத் தகர்த்தது ஃபார்க்குவாரின் வேலை. குணம் வேலையைத் தடுக்கவில்லை. ஆனால் வேலையின் ஓரத்தில் ஒரு வாசலைக் காப்பாற்றியது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. சீனியர்கள் மாறுபடலாம், சாப்பாட்டுப் பந்தியில் சண்டை போட நான் தயார்.

2006-இல் மலாக்காவில் 110 மீட்டர் உயரத்தில் ஒரு சுழலும் கோபுரம் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சுவர் வெளிப்பட்டது. பார்த்தால் ஃபார்க்குவார் தகர்த்த கோட்டையின் மிடில்பர்க் கொத்தளம் என்று தெரிந்தது. கோபுரத்தை வேறு இடத்துக்கு நகர்த்திக் கட்டி, கொத்தளத்தைத் திரும்ப எழுப்பினார்கள். 2008-இல் மலாக்கா யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் ஆனது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு எஞ்சினியர் மண்ணுக்குள் தள்ளியதை இன்னொரு எஞ்சினியர் தற்செயலாகத் தோண்டி எடுத்தார்!

அதனால் தம்பி, தங்கைகளே, உங்களையும் ஒரு நாள் ஏதாவது ஒன்றை இடிக்கச் சொல்வார்கள். கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டது ஃபைலில் இருக்கட்டும். இடித்தே தீர வேண்டும் என்றால், பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, வரைந்து, போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். எந்த வாசலை விட்டுவைக்க முடியும் என்றும் பாருங்கள். வரைந்தவர் பெயரையும் மறக்காமல் கீழே எழுதுங்கள்.